புயற்காற்றில் படகின் எஞ்சின் நின்றுவிட்டால்

பல்லாவரம் கடற்கரை ஊர் அன்று. அதற்கும் நீலாங்கரைக் கடற்கரைக்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் நிலப்பரப்பும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் கிடக்கின்றன. எனினும் கடலில் தொழில் செய்பவன் பல்லாவரத்தை அறிவான். வானம் தெளிந்த நாளில் நீலாங்கரைக்கு நேரே படகில் நின்று மேற்கே நோக்கினால், தாழ்ந்த கரைக்கு மேலே எழுந்து நிற்பவை பரங்கிமலையும், திரிசூலம், பல்லாவரம் ஆகிய இடங்களின் குன்றுகளுமே. முன்னாளில் கப்பலோட்டிகள் இவற்றைக் கொண்டே சென்னைக் கரையை அடையாளம் கண்டனர். பரங்கிமலை உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம் மாலுமிகளுக்குப் பழக்கமான குறியாகவும் விளங்கிற்று. கல்லுடைப்போர் குன்றுகளை ஓரளவு கரைத்துவிட்டனர். பழைய மகாபலிபுரம் சாலையின் உயர்ந்த கட்டடங்கள் இடையிடையே மறைக்கின்றன. ஆயினும் அக்குறிகள் அடியோடு அழிந்துவிடவில்லை.

எஞ்சின் நின்ற படகில் இருப்பவனுக்கு இக்குன்றுகள் எவ்வாறு பயன்படும் என்பதைப் பின்னர்க் காண்போம். கோவளம், முட்டுக்காடு முதலிய ஊராட்சிகளின் குப்பங்களிலும், இப்போது மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பகுதிகளிலும் மீன்பிடித் தொழில் நடந்து வருகிறது. இக்குப்பங்களின் ஃபைபர் படகு ஒவ்வொன்றிலும் இன்று ஓர் எஞ்சின் இருக்கிறது. அது ஓடும்வரை கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திடீரெனக் காற்று முற்றும்போது அது நின்றுவிடுமானால், அடுத்த பத்து நிமிடங்களில் படகில் இருப்போர் செய்வதைப் பொறுத்தே அவர்கள் உயிர் இருக்கிறது.

துடுப்பும் பாயும் போனவிதம்

கட்டுமரத்தில் எஞ்சின் இல்லை. காற்றுக்குப் பாய், காற்று இல்லாதபோது துடுப்பு என்பதே ஏற்பாடு. மரங்களின் இடையே ஏறிய நீர் தானே வடிந்துவிடும். ஆகவே கட்டுமரம் நீர் நிறைந்து மூழ்குவதில்லை. அதில் இருப்பவன் நனைவான், களைப்பான்; ஆனால் காலடியில் மிதப்பு எப்போதும் உண்டு.

நம் நாட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் முயற்சி 1952-இல் கையெழுத்தான இந்திய நார்வே ஒப்பந்தத்தின் வழியே கேரளக் கரையில் ஊக்கம் பெற்றது. சோழமண்டலக் கரையில் அலை உடையும் மணற்கரை நெடுகக் கிடப்பதால், துறைமுகம் இன்றிக் கரையிலேயே ஏற்றி இறக்கத்தக்க படகு தேவைப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி, அத்தகைய படகுகளைச் சோதித்தது. பின்னர் 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் கட்டுமரங்கள் பல அழிந்துபோக, நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகளே.

மாற்றம் நன்மையே செய்தது. தொலைவு கூடிற்று, உடலுழைப்பு குறைந்தது. ஆனால் எஞ்சின் ஏறியதும் பாயும் துடுப்பும் கரையில் இறங்கிவிட்டன. இடத்தை அடைக்கும், வலையை மாட்டும் என்று சொல்லி அவற்றைக் குடிசையின் கூரையில் செருகிவைத்தவர் பலர். ஃபைபர் படகு கட்டுமரத்தைப் போலன்று. விளிம்பைத் தாண்டி ஏறிய நீர் உள்ளேயே தங்கும். எஞ்சின் ஓடும்போது படகின் முன்முனை அலையை நோக்கி நிற்பதால் நீர் ஏறுவதில்லை. எஞ்சின் நின்றதும் படகு மெல்லத் திரும்பி, விலாவை அலைக்குக் காட்டுகிறது. கவிழ்வது அவ்வேளையில்தான்.

ஒக்கி காட்டியது

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் இலங்கைக்குத் தெற்கே உருவாகிக் குமரிக் கடலில் விரைந்து வலுப்பெற்ற ஒக்கிப் புயலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக அறியப்பட்ட மறுநாளே அது புயலாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்றிருந்தவர்களுக்கு அறிவிப்பு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் திரும்பி வரத்தக்க தூரத்தில் அவர்கள் இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். தப்பிய படகுகளில் சில லட்சத்தீவிலும், சில மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும், சில குஜராத் கரையிலும் ஒதுங்கின. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்து, மீட்புக் கப்பல்களால் காப்பாற்றப்பட்டவர்களும் உண்டு.

அந்நிகழ்ச்சி எச்சரிக்கை முறையின் குறைகளை வெளிப்படுத்திற்று. அதன் பின் தொலைத்தொடர்புக் கருவிகள் வழங்கும் பணி வேகம் கொண்டது. நம் பாடத்துக்கு வேண்டியது வேறொன்று. விசை இழந்த படகு உடனே மூழ்கிவிடுவதில்லை. அது மிதக்கும், நகரும். நாள் கணக்கில்கூட மிதக்கும். ஆகவே எஞ்சின் நின்றபின் செய்யவேண்டிய வேலை, அம்மிதப்பைக் காத்து, நகர்வைக் குறைத்து, இருக்கும் இடத்தை அறிந்துகொள்வதே. எஞ்சினைப் பழுதுபார்ப்பது அதற்கு அடுத்தது.

முதல் வேலை: முன்முனையை அலைக்கு நேரே நிறுத்துதல்

எஞ்சின் நின்றதும் படகிலுள்ள நால்வரும் பின்புறம் ஓடி அதைச் சூழ்ந்துகொள்வது வழக்கம். இது பெருந்தவறு. நால்வர் எடையும் எஞ்சின் எடையும் பின்பக்கம் சேர்வதால் பின்விளிம்பு தாழ்கிறது; ஓர் அலை ஏறினால் போதும். எஞ்சினிடம் ஒருவர் மட்டுமே செல்ல வேண்டும். ஒருவர் முன்முனையில், அதாவது அணியத்தில், கயிற்றோடு இருக்க வேண்டும். மற்றவர் நடுவில் தாழ உட்கார்ந்து நீர் இறைக்க வேண்டும். எவரும் எழுந்து நிற்றல் கூடாது. உயிர்காப்பு மேலங்கியை இதற்குள் அணிந்திராவிடில், அப்போதாவது அணிய வேண்டும்.

நங்கூரம் தரையைத் தொடக்கூடிய ஆழமாயின், உடனே அணியத்திலிருந்து இறக்குக. சாதாரண நாளில் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு போதும். காற்று மிகுந்த நாளில் ஏழு மடங்குக்குக் குறையாமல் விட வேண்டும். பத்துப் பாகம் ஆழமென்றால் எழுபது பாகம் கயிறு. கயிறு குறைந்தால் ஒவ்வோர் அலையும் படகைத் தூக்கும்போது நங்கூரத்தையும் மேல்நோக்கிப் பிடுங்கும். நீண்ட கயிறு கிடையாக இழுப்பதால் நங்கூரம் மண்ணில் அழுந்தும். பின்புறத்திலிருந்து நங்கூரமிடுவது படகை மூழ்கடிக்கும் வழியாகும்.

ஆழம் மிகுதியாயின் மிதக்கும் நங்கூரம் வேண்டும். கித்தான் துணியால் கூம்பு வடிவில் தைத்த பை இதற்கென்றே உண்டு. அகன்ற வாய் படகை நோக்கியிருக்க, நான்கு கயிறுகளால் கட்டப்படும். அது நீரைப் பிடித்து இழுவையைத் தருவதால், காற்று படகைத் தள்ளும்போது முன்முனை அலைக்கு நேராகத் திரும்பி நிற்கும். பை இல்லாதவர் படகில் உள்ளதைக் கொண்டு செய்துகொள்ளலாம். மீன்கூடை இரண்டைச் சேர்த்துக் கட்டலாம். வாளிகளை வரிசையாகக் கோக்கலாம். பழைய பாயின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, அடியில் ஒரு கல்லைத் தொங்கவிடலாம். வலையைச் சுருட்டி இறுகக் கட்டியும் இறக்கலாம். ஆனால் வலையின் தளர்ந்த நுனிகள் விசிறியில் சுற்றாதபடி கயிற்றால் வரிந்து கட்டியபின்னரே இறக்க வேண்டும். இல்லையேல் எஞ்சின் உயிர்பெற்ற மறுகணமே மீண்டும் நின்றுவிடும்.

மிதக்கும் நங்கூரத்தின் கயிறு படகின் நீளத்தைப்போல் பத்து மடங்கேனும் இருப்பது நலம். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழந்துணியைச் சுற்றுக. இரவு முழுதும் உரசினால் புதுக்கயிறும் அறுந்துபோகும். விடியுமுன் இரண்டு மூன்று தடவை கயிற்றைச் சிறிது விட்டு, உரசும் இடத்தை மாற்றுவது அனுபவமுள்ளோர் வழக்கம்.

நகர்வைக் குறைப்பது ஏன் முக்கியம்? ஒரு கணக்குப் பார்ப்போம். வாடைக் காலத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே செல்கிறது. காற்றும் வடகிழக்கிலிருந்தே வீசுகிறது. மணிக்கு இரண்டு கடல் மைல் வேகத்தில் படகு அடித்துச் செல்லப்படுமானால், மாலை ஆறு மணிக்குக் கோவளத்துக்கு நேரே நின்றது, காலை ஆறு மணிக்குள் இருபத்துநான்கு கடல் மைல், அதாவது நாற்பத்துநான்கு கிலோமீட்டர் போய்விடும். கல்பாக்கத்தையும் பாலாற்று முகத்துவாரத்தையும் தாண்டிய தூரம் அது. தேடுவோர் கோவளத்துக்கு எதிரே தேடிக்கொண்டிருப்பார்கள்.

இருக்கும் இடத்தை அறிதல்

ஜி.பி.எஸ். கருவி உள்ள படகில் எஞ்சின் நின்ற இடத்தை உடனே குறித்துக்கொள்க. அரை மணிக்கு ஒருமுறை மீண்டும் பார்த்தால் திசையும் வேகமும் விளங்கும். கருவி நனைந்து கெட்டுப்போனால், அல்லது மின்கலம் தீர்ந்தால், பழைய முறையே கைகொடுக்கும். கரையில் அண்மையில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் வைத்துக் கொள்ள வேண்டும். கரையோரக் கட்டடம் ஒன்றின் மீது பல்லாவரத்துக் குன்றின் உச்சி நேராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் குன்று கட்டடத்துக்கு இடப்பக்கம், அதாவது தென்புறம் விலகித் தெரிந்தால், படகு தெற்கே நகர்கிறது. வலப்பக்கம் விலகினால் வடக்கே நகர்கிறது. தொலைவிலுள்ள பொருள் நாம் செல்லும் பக்கமாகவே விலகும் என்பதை நினைவில் வைத்தால் போதும். நங்கூரம் பிடித்திருக்கிறதா, மண்ணை உழுதுகொண்டு வருகிறதா என்பதையும் இதனாலேயே அறியலாம். இரவில் சென்னை, மாமல்லபுரம் கலங்கரை விளக்குகளும், கரையோரத்து உயர்ந்த விளக்குகளும் குறிகளாகும். மழை திரையிட்டுவிட்டால் எதுவும் தெரியாது. ஆகவே தெரியும்போதே பார்த்து மனத்தில் இருத்துக.

காற்றின் திசையும் செய்தி சொல்லும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கேயுள்ள கடல்களில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. காற்றை முகத்தில் வாங்கி நின்றால், புயலின் நடு நம் வலக்கைப் பக்கம், சற்றே பின்புறமாக இருக்கும். நம் கரையை நோக்கி மேற்கே வரும் புயலில், காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் மாறுமானால் புயல் நமக்குத் தெற்கே கடக்கிறது. அலை கரைநோக்கித் தள்ளும். வடக்கு, வடமேற்கு, மேற்கு என மாறினால் புயல் நமக்கு வடக்கே கடக்கிறது. காற்று படகை ஆழ்கடலுக்குத் தள்ளும். பின்னது பார்வைக்கு அமைதியாகத் தோன்றும். கரையோரத்தில் அலையும் குறைவாக இருக்கும். ஆனால் எஞ்சின் இல்லாத படகுக்கு அதுவே அதிக அபாயமானது. அப்போது நங்கூரத்தை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல்லாவரம், தாம்பரம் மக்கள் இதைக் கண்கூடாகக் கண்டனர். முதலில் வடபுறத்திலிருந்து வீசிய காற்று மரங்களைச் சாய்த்தது. பிற்பகலில் சிறிது ஓய்ந்து, பின்னர் தென்புறத்திலிருந்து மீண்டும் வீசிற்று. ஓய்வைக் கண்டு புயல் முடிந்தது என எண்ணி வெளியே வந்தவர் பலர். கடலில் இவ்வோய்வு தோன்றினால் அந்நேரத்தை நீர் இறைக்கவும், கயிறுகளைச் சரிபார்க்கவும் உபயோகிக்க வேண்டும். காற்று எதிர்த்திசையிலிருந்து வரப்போகிறது.

எஞ்சினைப் பார்த்தல்

படகு அலைக்கு நேரே நின்றுவிட்டபின் எஞ்சினிடம் வருவோம். அது நின்ற விதத்தை நினைவுகூர்ந்தால் பாதி வேலை முடிந்தது. சட்டென நின்றதா, இருமி இருமி நின்றதா, சூடேறி நின்றதா, அல்லது ஓடிக்கொண்டே இருந்தும் படகு நகராமற் போயிற்றா?

இருமி நின்றதாயின் குற்றம் பெரும்பாலும் எரிபொருளில். புயலில் எஞ்சின்கள் அதிகமாக நிற்பதற்கு இதுவே தலையாய காரணம் எனலாம். எண்ணெய்த் தொட்டியின் அடியில் மாதக்கணக்கில் தங்கிய நீரும் அழுக்கும் அமைதியான கடலில் அசையாமல் கிடக்கும். கடல் கொந்தளித்ததும் அவை கலங்கிக் குழாய்க்குள் ஏறுகின்றன. நேற்றுவரை நன்றாக ஓடிற்றே என்று வியப்பதில் பயனில்லை. நேற்றுத் தொட்டி குலுங்கவில்லை. முதலில் தொட்டி மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று பார்க்க. அடுத்து குழாய் எங்கேனும் மடிந்தோ, வலையின் கீழ் நசுங்கியோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க. வெளிப்பொருத்தும் இயந்திரமானால், குழாயின் நடுவேயுள்ள ரப்பர் பந்தை அமுக்குக. அது இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது தொட்டி வற்றிவிட்டது. வடிகட்டியைக் கழற்றி, அடியில் முத்துப்போல் உருளும் நீர் தெரிந்தால் கொட்டிவிட்டு, சுத்தமான எண்ணெயில் அலசிப் பொருத்துக. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் குளிர்ந்துவிட்டால் பெட்ரோலில்தான் கிளம்பும். ஒரு லிட்டர் சுத்தமான பெட்ரோலை இறுக மூடித் தனியே வைத்திருப்பது இத்தகைய வேளைக்கே.

டீசல் எஞ்சினில் எண்ணெய் தீர்ந்தோ, தொட்டி குலுங்கியோ குழாயில் காற்று ஏறினால், பின்பு எண்ணெய் ஊற்றினாலும் கிளம்பாது. வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கை விசைக் குழாயை இயக்கினால் முதலில் நுரையோடு எண்ணெய் வரும். குமிழியின்றிச் சீராக வரும்வரை விட்டு, திருகை முடுக்க வேண்டும். இவ்வேலையைக் கரையில் ஒருமுறை செய்து பழகாதவர் இருட்டில், ஆடும் படகில் செய்ய இயலாது.

சட்டென நின்றதாயின் மூன்றைப் பார்க்க. எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கலாம். இது அற்பமாகத் தோன்றினும், இதை அறியாமல் அரை மணி நேரம் கயிறிழுத்துக் களைத்தவர் உண்டு. அலை எஞ்சின்மேல் விழுந்து பிளக்கும் அதன் மூடியும் நனைந்திருக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, ஈரமாயின் துடைத்து மாட்டுக. பிளாஸ்டிக் பையில் சுற்றிய புதிய பிளக் இருந்தால் அதையே மாட்டுவது விரைவு. பலமுறை இழுத்ததனால் உள்ளே எண்ணெய் மிகுந்திருந்தால், சோக்கைப் போடாமல், விசையை முழுதும் திறந்து நாலைந்து முறை இழுக்க வேண்டும். மூன்றாவதாக, விசிறியில் வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம். பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சாய்த்துத் தூக்கி, உட்புறமிருந்தே கத்தியால் அறுக்க வேண்டும். இதற்காக ஒருவர் நீரில் இறங்குவது, எவ்வளவு நீந்தத் தெரிந்தவராயினும், அந்தக் கடலில் கூடாது.

சூடேறி நின்றதாயின், எஞ்சினின் பக்கத்துச் சிறு துளையிலிருந்து பீய்ச்சும் குளிர்நீர் நின்றிருக்கும். நீர் ஏறும் வாயில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பதே வழக்கமான காரணம். அகற்றிவிட்டு, ஆறும்வரை பொறுத்துக் கிளப்புக. எஞ்சின் இரைச்சலோடு ஓடியும் படகு நகராவிடில், விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறிய ஆணி முறிந்திருக்கலாம். மாற்று ஆணி இரண்டு, அதற்குரிய குறடு ஆகியவை இல்லாமல் கடலுக்குப் போவது, சுக்கானின்றிப் போவதற்கு ஒப்பாகும்.

எஞ்சின் கிளம்பியபின் உற்சாகத்தில் முழு விசை கொடுக்க வேண்டாம். அலை உச்சியில் விசிறி நீரைவிட்டு வெளியே வரும்போது எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுழன்று கெடும். உச்சியில் விசையைக் குறைத்து, சரிவில் கூட்டி, அலையைச் சற்றே சாய்வாக ஏறிச் செல்ல வேண்டும்.

அரை மணி முயன்றும் கிளம்பாவிடில் நிறுத்திவிடுக. களைத்த கைகள் நீர் இறைக்கத் தேவைப்படும்.

உதவி கோருதல்

எஞ்சின் நின்ற உடனேயே செய்தி சொல்ல வேண்டும். பழுது தீராது என்று தெரிந்தபின் சொல்வது காலதாமதம். பழுது தீர்ந்துவிட்டால் அதையும் சொல்லிவிடலாம். இந்தியக் கடலோரக் காவற்படையின் எண் 1554. கடலோரக் காவல் போலீசாரின் எண் 1093. கைப்பேசி கரைக்கு அண்மையில் மட்டுமே எட்டும். வி.எச்.எஃப். வானொலியில் அபாய அழைப்புக்குரியது 16-ஆம் வழி. கையடக்கக் கருவி சில கடல் மைல்களே எட்டும் என்றாலும், அருகில் செல்லும் கப்பலும் படகும் கேட்கும். இஸ்ரோ வடிவமைத்த அபாய அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியே கடலோரக் காவற்படைக்கு இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. அதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்ததென்ற மறுமொழியையும் படகுக்கே அனுப்புகிறது. இம்மறுமொழியின் அருமையைக் கடலில் ஓர் இரவு காத்திருந்தவரே அறிவர்.

சொல்ல வேண்டியவை சில. படகின் பதிவெண், இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன பழுது, நங்கூரமிட்டிருக்கிறதா இல்லையா. பேசியபின் கைப்பேசியை அணைத்து, நீர் புகாத பையில் வைத்து, குறித்த நேரத்துக்கு மட்டும் திறந்தால் மின்கலம் நீடிக்கும். பகலில் காவி நிறத் துணியைப் படகின்மேல் விரித்து வைப்பதும், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்துவதும் அபாயக் குறிகள். இரவில் டார்ச் விளக்கால் மூன்று குறுகிய வெளிச்சம், மூன்று நீண்ட வெளிச்சம், மீண்டும் மூன்று குறுகியவை.

படகு கவிழ்ந்தே விட்டாலும் அதை விட்டு நீந்தக் கூடாது. ஃபைபர் படகுகளில் மிதப்புக்கென நுரைப்பொருள் அடைத்திருப்பதால் பெரும்பாலும் அவை கவிழ்ந்தும் மிதக்கும். வானத்திலிருந்து தேடுவோருக்கு மனிதத் தலை தெரிவதில்லை, படகு தெரியும். கரை அண்மையில் இருப்பதாக இரவில் தோன்றுவது பெரும்பாலும் மயக்கமே.

கரையை நெருங்கும்போது

காற்று கரைநோக்கித் தள்ளும்போது வேறோர் ஆபத்து உண்டு. நம் கரையில் அலைகள் இரண்டு மூன்று வரிசைகளாக உடைகின்றன. எஞ்சின் இல்லாத படகு அவ்வரிசைக்குள் விலாப்புறமாக நுழைந்தால் உருண்டுவிடும். ஆகவே உடையும் அலைக்கு வெளியே, நங்கூரம் பிடிக்கும் ஆழத்திலேயே, நின்றுகொள்ள வேண்டும். வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இரவு முழுதும் நிற்பது மனத்துக்குக் கடினந்தான். விடிந்தபின் கரையிலுள்ளோர் கயிறு கொண்டு உதவலாம். வேறு படகு வந்து இழுக்கலாம். நங்கூரம் தாங்காமல் உள்ளே போகவே நேர்ந்தால், முன்முனை கடலை நோக்கியபடி, நங்கூரக் கயிற்றை அணியத்தில் கட்டி, அதைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டு பின்புறமாகக் கரைக்கு இறங்குவதே குறைந்த அபாயமுள்ள வழி. எஞ்சினை முன்கூட்டியே தூக்கிக் கட்டிவிட வேண்டும். இங்கே நீண்ட துடுப்பு இரண்டு இருந்தால் படகு திரும்பாமல் பிடிக்கலாம். கூரையில் செருகியிருக்கும் துடுப்பின் நினைவு அப்போது வரும்.

தெருவில் ஓடும் படகு

கடலைக் காணாத ஊர்களுக்கும் இப்பாடம் தேவைப்பட்டிருக்கிறது. 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் வீடுகளில் மாடிவரை நீர் ஏறியது. மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து மக்களை மீட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பகுதிகளிலும் தெருக்களில் படகு செல்லக் கண்டோம்.

தெருவெள்ளத்தில் எஞ்சின் நிற்பது கடலைவிட எளிது. துணி, கம்பி, பிளாஸ்டிக் பை, முள்வேலி எல்லாம் விசிறிக்கு வருகின்றன. நீர் ஏறும் வாயைச் சேறு அடைக்கிறது. மூழ்கிய சுற்றுச்சுவரில் தண்டு மோதுகிறது. ஆகவே குறுகிய தெருக்களில் எஞ்சினைத் தூக்கிவிட்டு, நீண்ட கழியால் ஊன்றிச் செல்வதே சிறந்தது. ஆற்றுநீர் இழுக்கும் இடத்தைக் கடக்க மட்டும் எஞ்சின் வேண்டும்; அங்கே அது நிற்கக்கூடும் என்று எண்ணி, கடப்பதற்கு முன்பே மேல்நீர்ப் பக்கத்திலுள்ள மரத்தில் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்க. மின்கம்பத்தில் கட்டக் கூடாது. மக்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். வெள்ளப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் ஊராட்சிகள், குப்பங்களிலிருந்து அனுபவமுள்ள படகோட்டி ஒருவரை அழைத்து, ஏரியில் ஒரு நாள் செய்துகாட்டச் சொல்லலாம்.

பயிற்சி பெற விரும்பும் இளைஞருக்கு இராயபுரத்தில் மத்திய மீன்வள கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை 1968 முதல் இயங்கி வருகிறது. முறையான எஞ்சின் பாடங்கள் அங்கே உண்டு. பாடம் படிக்க இயலாதோரும், ஐப்பசி பிறக்குமுன் தொட்டியைக் காலி செய்து கழுவுதல், வடிகட்டி மாற்றுதல், கயிறு சோதித்தல் ஆகிய மூன்றையும் குப்பத்து மெக்கானிக்கோடு கூட இருந்து தம் கையாலேயே செய்து பார்க்கலாம்.

கரை சேர்ந்தபின்

கடல்நீரில் மூழ்கிய எஞ்சினை வெயிலில் காயவைப்பது பலர் வழக்கம். உப்பு படிந்த இரும்பு காற்றுப் பட்டவுடன் துருப்பிடிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் உள்ளே இறுகிவிடும். கரை சேர்ந்த அன்றே நன்னீரால் நன்கு கழுவி, பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைச் சாய்த்துக் கையால் சுழற்றி உள்நீரை வெளியேற்ற வேண்டும். பின்னர்ச் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் சுழற்றி, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, கூடிய விரைவில் கிளப்பி ஓடவிட வேண்டும். சுழற்றும்போது உள்ளே தட்டுப்பட்டால் வலிந்து சுழற்றாமல் மெக்கானிக்கிடம் ஒப்படைக்க. அவர் மறுநாள்தான் வருவாராயின், அதுவரை எஞ்சினை நன்னீர் நிரம்பிய தொட்டியில் மூழ்கடித்தே வைத்திருக்கலாம். வெளியே காற்றுப்பட வைப்பதைவிட அது மேல்.